முன்சீப் வீட்டுக் காற்றுக் குழாய்

தகரக் குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற ஒரு மத்தியானத்தில்தான், நான் இரண்டு வாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது துருவோடு அல்ல என்பது எனக்குத் தெரிய வந்தது.

சித்திரை வெயில். பாளையங்கோட்டையில் காக்கைகூட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம். முன்சீப் ஐயா வீட்டு ஹாலில் ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று, சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு வாய் திறந்திருந்த குழாய்க்குள் கழுத்து வரை நுழைந்திருந்தேன். உள்ளே வெட்டிவேர் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் ஒன்றையொன்று ஜெயிக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. என் மூக்கு நுனி வேர்வை தகரத்தில் சொட்டும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

எங்காவது வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் தலையை விட்டேன். வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. ஓட்டை இருந்தால் அங்கே காற்று ஒழுகும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, சொந்தமாக யோசித்தது. அதனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அப்போது குழாய் பேசிற்று.

"தம்பி நேத்தும் எல்லாத்தையும் அடைச்சிட்டுல்லா போயிருக்கு" என்றது வேலைக்கார மாடனின் குரலில்.

"அடைக்கட்டும், பாவம். படிச்ச புள்ள, கை சும்மா இருக்காது. நீ அந்தக் கத்திய எடு" என்றது முன்சீப் ஐயாவின் மனைவியான அம்மாளின் குரலில்.

அதைத் தொடர்ந்து, நான் முந்தின நாள் பூராவும் வெயிலில் நின்று ஒட்டிய துணியைக் கத்தியால் கிழிக்கும் சத்தம் கேட்டது.

மாலை வாடிய பிறகு

நான் மெட்ரிகுலேஷன் தேறியதற்காக ஊரில் எனக்கு மாலை போட்டதைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். மாலை வாடிய பிறகு என்ன செய்தேன் என்பதை எழுதவில்லை. காரணம், ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் குடும்பத்தில் சிலேட்டைத் தொட்ட முதல் ஆள் நான். உடன்குடிப் பக்கத்தில் அப்பா பனை ஏறுகிறார். அவருடைய அப்பாவும் ஏறினார். நான் படித்துவிட்டதால் ஏறத் தெரியாது. படிப்பை வைத்து ஏறக்கூடிய இடமும் அகப்படவில்லை. இப்படி மரத்துக்கும் மேசைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் கிறிஸ்தவ சபைப் போதகரான ஐயர் என்னைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். அங்கே எங்கள் சபையையே சேர்ந்த ஒரு ஓய்வுபெற்ற முன்சீப் இருந்தார். கண் மங்கிப் போனதால், பத்திரிகை வாசித்துக் காட்டவும் கடிதம் எழுதவும் அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அந்தக் கோடை கழிந்து பாளையங்கோட்டைச் சபைப் பள்ளிக்கூடம் திறக்கும்போது, அங்கே ஒரு ஸயன்ஸ் உதவி வாத்தியார் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. பள்ளிக்கூட மானேஜர் யார் பேச்சையும் கேட்கமாட்டார், முன்சீப் ஐயாவின் கடிதத்தைத் தவிர. அந்தக் கடிதம் கிடைத்தால் நான் வாத்தியார். கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே மாலை போட்டவர்கள் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.

முன்சீப் ஐயாவிடம் ஒருநாள் துணிந்து கேட்டேன். அவர் பத்திரிகையை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, "ஸயன்ஸ் தெரியும்னு சொல்லுதீரே, அந்தக் காத்துப் பொட்டிய ஒழுங்கா ஊத வையும் பாப்போம். பொறவு கடுதாசி" என்றார்.

காற்றுப் பெட்டி

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது முன்சீப் ஐயா அதை எடுத்தார். ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. இரண்டு பக்கமும் வெட்டிவேர்த் தட்டி. உள்ளே ஒரு விசிறிச் சக்கரம். வெளியே அதைச் சுற்ற ஒரு கைப்பிடி. தட்டியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால், வெளியிலிருக்கும் அனல்காற்று ஈரவேர் வழியாக நுழைந்து, குளிர்ந்து, மணத்துக்கொண்டு முன்பக்கமாக வரும். துரை வீட்டில் அதை வாசல் வராந்தாவில் வைத்திருந்தார்களாம். காற்று நேரே அறைக்குள் போகும். ஒரு தொல்லையும் இல்லை.

முன்சீப் ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. கைப்பிடி சுற்றும் மாடன் வேர்த்து வழிந்துகொண்டு வாசலில் நிற்பதும், சக்கரம் கிறீச்சிடுவதும் வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது. காற்று மட்டும் எங்கிருந்தோ வருவதுபோல் வரவேண்டும் என்றார். ஆகவே பெட்டி கொல்லையில் கிணற்றடி வேப்பமரத்தின் கீழ் போயிற்று. அங்கிருந்து ஹாலுக்குக் காற்றைக் கொண்டுவர, மேலப்பாளையத்துத் தகரக்காரர் காதர் சாயபு, மண்ணெண்ணெய் டின்களை வெட்டி உருட்டி ஒரு நீண்ட குழாய் செய்து கொடுத்தார். அது மாடனின் தலைக்கு மேலே கிளம்பி, மாட்டுத் தொழுவைத் தாண்டி, அடுப்படிச் சுவரை ஒட்டி நடந்து, வீட்டுக்குள் நுழைந்து ஹாலில் வாய் திறந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாடன் கொல்லையில் உயிரை விட்டுச் சுற்றினாலும், ஹாலில் வந்தது ஒரு கிழவர் பெருமூச்சு விட்டதுபோல்தான் இருந்தது. மண்ணெண்ணெய் வாசனை மட்டும் குறையில்லாமல் வந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. முன்சீப் ஐயாவின் மகள் எஸ்தரைக் கேட்டுச் சென்னைப் பட்டணத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையனின் தகப்பனார் நேரில் பேசிப் பார்க்க வருவதாக எழுதியிருந்தார். அவர் பிறந்தது இந்தப் பக்கத்தில்தான். ஆனால் நாற்பது வருஷமாகப் பட்டணவாசி. "வெயில் மட்டுமே எனக்குச் சற்று ஒத்துக்கொள்வதில்லை" என்ற வரியை முன்சீப் ஐயா என்னை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

சாம்பிராணிப் பரீட்சை

ஓட்டையைக் கண்டுபிடிக்க நான் செய்த முதல் பரீட்சை சாம்பிராணி. பெட்டிக்குள் ஒரு சட்டி நிறையக் கங்கு போட்டு, சாம்பிராணியைத் தூவி, மாடனைச் சுற்றச் சொன்னேன். காற்று கண்ணுக்குத் தெரியாது, புகை தெரியும் என்பது என் கணக்கு.

கணக்கு சரிதான். குழாய் நெடுகப் பதினோரு இடத்தில் புகை வந்தது. சாம்பிராணியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டேன் போலும். சற்று நேரத்தில் வீடும் தெரியவில்லை, வேப்பமரமும் தெரியவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து நாலைந்து பேர் குடத்தோடு ஓடி வந்துவிட்டார்கள். நான் புகைக்குள் இருமிக்கொண்டே சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொரு ஓட்டைக்கும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் ஒருவர் என் மேலேயே ஒரு குடத்தைக் கவிழ்த்தார். நல்ல எண்ணத்தோடுதான்.

பதினொன்றில் ஒன்பது, மூட்டுகளில் இருந்த சாதாரண இடைவெளிகள். மீதி இரண்டும் விசித்திரமாக இருந்தன. ஒன்று மாடன் உட்கார்ந்து சுற்றும் இடத்துக்கு நேர் மேலே, அவன் உச்சந்தலையைப் பார்த்தாற்போல் வட்டமாக இருந்தது. மற்றொன்று அடுப்படி ஜன்னலுக்கு நேரே, நாலு விரல் அகலத்தில், சதுரமாக இருந்தது. நான் என் நோட்டுப் புத்தகத்தில் இரண்டையும் 'துரு' என்று எழுதிக்கொண்டேன்.

காதர் சாயபுவை வரவழைத்தேன். ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டுமானால் முழுக் குழாயையும் கழற்ற வேண்டும், கழற்றினால் பாதித் தகரம் கையோடு வந்துவிடும் என்றார். பிறகு அந்தச் சதுர ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது துரு இல்ல தம்பி. துரு எங்கனயாச்சும் சதுரமா அரிக்குமா?" என்றார்.

நான் அவருக்குத் துரு என்பது என்ன, காற்றிலுள்ள எந்தப் பொருள் இரும்போடு சேர்ந்து அது உண்டாகிறது, ஈரம் அதில் என்ன வேலை செய்கிறது என்பதையெல்லாம் விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். "சரி தம்பி, நீங்க படிச்சவுக" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பசையும் கன்றுக்குட்டியும்

முதலில் கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, துணியை நனைத்து மூட்டுகளைச் சுற்றினேன். துணிக்கு அம்மாளிடம்தான் போனேன். அவர்கள் ஒரு பெட்டியைக் குடைந்து, நல்ல அழுத்தமான கறுப்புத் துணியாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். கிழிக்கும்போதுதான் அது முன்சீப் ஐயா கோர்ட்டில் போட்டிருந்த பழைய கவுன் என்று தெரிந்தது. "இருக்கட்டும். இனிமே அதப் போட்டுக்கிட்டு யாரத் தண்டிக்கப் போறாவ" என்றார்கள்.

மறுநாள் பார்த்தால் தொழுவோரம் இருந்த கட்டுகளைக் கன்றுக்குட்டி நக்கி எடுத்திருந்தது. மாவுப்பசை அதற்குப் பிடித்துப் போயிருக்கிறது. மாடன் தலைக்கு மேலும் அடுப்படிக்கு எதிரிலும் இருந்த கட்டுகள்கூடப் போயிருந்தன. அத்தனை உயரத்துக்குக் கன்றுக்குட்டி எப்படி எட்டிற்று என்று எனக்குச் சற்று சந்தேகம் வந்தது. இருந்தாலும் விஞ்ஞானத்தில் கண்ணெதிரே உள்ள காரணத்தை விட்டுவிட்டு வேறு காரணம் தேடக்கூடாது. நான் கன்றுக்குட்டியை இடம் மாற்றிக் கட்டினேன்.

அடுத்த நாளும் அந்த இரண்டு கட்டுகள் மட்டும் கிழிந்திருந்தன. பசைக்குப் பலம் போதவில்லை என்று தீர்மானித்தேன்.

அந்த வாரம் அப்பா ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டியோடு என்னைப் பார்க்க வந்தார். வேலை கிடைத்துவிட்டதா, என்ன வேலை என்று கேட்டார்.

"காத்து வெளிய போகாம அடைக்கிறேன் அப்பா" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதுக்கா இம்புட்டு வருசம் படிச்சே? பனை உச்சிக்கு வந்தா காத்த நான் சும்மால்லா தந்திருப்பேன்" என்றார்.

ஆனால் போகும்போது எனக்கு ஒரு உபகாரம் செய்தார். சிப்பிச் சுண்ணாம்பும் கருப்பட்டிப் பாகும் முட்டை வெள்ளையும் சேர்த்து அரைத்துத்தான் எங்கள் ஊரில் தொட்டி பூசுவார்கள். கடப்பாரை போட்டாலும் பெயராது என்று நினைவுபடுத்தினார். சுண்ணாம்பும் கருப்பட்டியும் பார்த்தே வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை. ஸயன்ஸ் புத்தகத்தில் கோதுமை மாவுதான் போட்டிருந்தது.

தகரத்தைப் புளி போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். எறும்பு வராமலிருக்க மயில்துத்தம் கொஞ்சம் சேர்த்து அந்தக் கலவையை அரைத்தேன். கவுன் துணியை அதில் தோய்த்து, இரண்டு சுற்றுச் சுற்றி, பனைநாரால் இறுக்கி, காயவிட்டு, மேலே இன்னொரு பூச்சுப் பூசினேன். முடித்துப் பார்த்தபோது குழாய், யுத்தத்திலிருந்து வந்த சிப்பாய் மாதிரி, கறுப்புக் கட்டுகளோடு சுவரில் சாய்ந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் முன்சீப் ஐயா சபைக் கூட்டத்துக்குப் போயிருந்த சமயம், முக்காலியில் ஏறி உள்ளே தலையை விட்டேன். அப்போதுதான் குழாய் பேசியது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் என்னை நிறுத்திவிட்டு வந்த இடம் அதுதான்.

ஓட்டையின் சொந்தக்காரர்கள்

தலையை வெளியே எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். அம்மாள் அடுப்படி ஜன்னலுக்கு உள்ளே நின்றார்கள். மாடன் வெளியே ஏணியில் நின்றான். கத்தி அவன் கையில் இருந்தது.

"நல்லா ஒட்டியிருக்கு தம்பி. கத்தி மழுங்கிட்டு" என்றான் மாடன், ஆறுதலாக.

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. கடிதத்தைப் பற்றி அம்மாளிடம் சொன்னேன். வேலையைப் பற்றி, மாலையைப் பற்றி, அப்பா கேட்டதைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டே முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலண்டை நின்ற எனக்கே முகம் சுட்டது.

"நான் ஒண்ணு கேக்குதேன் தம்பி" என்றார்கள். "ஹால்ல சும்மா உக்காந்திருக்கவுகளுக்குக் குளுந்த காத்து. காலையிலேர்ந்து அடுப்புல வேகுதவளுக்குக் கிடையாது. எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

எந்தப் புஸ்தகத்திலும் போடவில்லை. மாடனும் தன் கட்சியைச் சொன்னான். எல்லாருக்கும் காற்றுச் சுற்றுகிறவனுக்குத் தலையில் ஒரு விரல்கடை காற்று வேண்டாமா என்றான். அவனுடைய வழுக்கையில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

அன்று நாங்கள் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். அடுப்படிச் சதுரத்தைக் காதர் சாயபு ஒழுங்கான வாயாக வெட்டி, அதற்கு ஒரு மூடியும் போட்டுத் தருவார். மாடனின் வட்டம் சிறியது, அது இருக்கும். மற்ற ஒன்பது மூட்டுகளை யாரும் தொடக்கூடாது. பட்டணத்துக்காரர் வந்து ஹாலில் உட்கார்ந்ததும் அம்மாள் தன் மூடியை மூடிவிடுவார்கள். நானும் என் பங்குக்கு, என்ன ஆனாலும் அந்த வாயை அடைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

காதர் சாயபு வந்து மூடி போட்டார். துருவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

அந்த நாள்

பட்டணத்துக்காரர் காலையில் வந்து சேர்ந்தார். கனத்த சரீரம், கோட்டு, தலைப்பாகை, கையில் ஈரக் கைக்குட்டை. முன்சீப் ஐயா அவரைக் குழாய் வாய்க்கு நேரே இருந்த சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார். ஏதாவது எழுத வேண்டியிருந்தால் எழுத, நான் மைக்கூட்டோடு ஓரத்தில் நின்றேன்.

காற்று வந்தது.

பெருமூச்சு அல்ல, காற்று. தாமிரபரணியில் விடிகாலை குளித்துவிட்டுக் கரையேறும்போது முதுகில் படுமே, அது மாதிரி. மேசையிலிருந்த காகிதங்கள் எழுந்து நின்றன. மண்ணெண்ணெய் வாசனையைக் காணோம்; வெட்டிவேர் மட்டும் மணத்தது. பட்டணத்துக்காரர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "மிகவும் நேர்த்தியான ஏற்பாடு" என்றார். முன்சீப் ஐயா என் பக்கம் திரும்பி லேசாகத் தலையை அசைத்தார். என் மனத்துக்குள் கடிதம் எழுதி முடிந்து, உறையிலும் போட்டாயிற்று.

அதற்குப் பிறகு இருவரும் பேசத் தொடங்கினார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பேசினார்கள். ரயிலில் வந்த கரியைப் பற்றிப் பேசினார்கள். மறுபடியும் ஆற்றுக்கு வந்தார்கள். இருவருக்கும் வேறு ஏதோ கேட்க இருப்பது எனக்கே தெரிந்தது. ஒருவர் தொண்டையைச் செருமுவார். மற்றவர் நிமிர்ந்து பார்ப்பார். பேச்சு மறுபடி மழைக்குப் போய்விடும்.

தட்டி காய்ந்துவிட்டதால், நனைப்பதற்காக மாடன் சக்கரத்தை நிறுத்தினான். வழக்கமாகச் செய்வதுதான். இரைச்சல் அடங்கி, ஹால் அமைதியாயிற்று.

அந்த அமைதியில் குழாய் தெளிவாக, ஒரு அட்சரம் சிதறாமல் பேசிற்று.

"ஆயுசு பூரா சாட்சிக்காரன கூண்டுல ஏத்திக் குடைஞ்ச மனுசன். இன்னைக்கி ஒரு கேள்வி கேக்க வாய் வரல பாத்தியா. பையனுக்கு இருமல்னு சொல்லுதாவளே, உள்ளதா இல்லையான்னு கேட்டா என்ன? ஆத்தப் பத்தியே பேசிக்கிட்டிருக்காவ. ஆறு எங்கயும் போயிராது."

ஒன்பது மூட்டுகளையும் நான் அவ்வளவு நன்றாக அடைத்திருந்தேன். மூடியை மூட அம்மாள் மறந்திருந்தார்கள்.

முன்சீப் ஐயாவின் முகத்தில் நிறம் போய்விட்டது. நான் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, குழாய்க்குள், "அம்மா, கேக்குது" என்றேன்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

கரண்டிச் சத்தம் நின்றது. காரியம் கெட்டது என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் கழித்து அம்மாளின் குரல் வந்தது. முன்னைவிட நிதானமாக இருந்தது.

"கேட்டா கேக்கட்டும். நான் என்ன பொய்யா சொன்னேன்?"

இந்த இடத்தில் சக்கரம் சுற்றியிருந்தால் பேச்சு அதோடு போயிருக்கும். மாடன் சுற்றவில்லை. சுற்றினால் தனக்குக் கேட்காது என்பதால் தன் ஓட்டையில் காதை வைத்து உட்கார்ந்திருந்ததாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டான்.

பட்டணத்துக்காரர் எழுந்தார். புறப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் இறங்கும் தம்பி" என்றார். நான் இறங்கினேன். அத்தனை சரீரத்தோடு அவர் முக்காலியில் ஏறினார். நான் அதன் கால்களைப் பிடித்துக்கொண்டேன். குழாயில் வாயை வைத்ததும் நாற்பது வருஷப் பட்டணம் அவர் நாக்கிலிருந்து இறங்கிப் போயிற்று.

"அம்மா, நாந்தான் பேசுதேன். இருமல் உள்ளதுதான். மார்கழி பொறந்தா தை முடியுத மட்டும் இருமுவான். பெரிய டாக்டருட்ட காட்டியாச்சி, நெஞ்சுல ஒண்ணுமில்லன்னுட்டாரு. மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நான் பொய் சொல்லமாட்டேன்."

குழாய் யோசித்தது. "மார்கழியில யாருதான் இருமல? சரி."

"நானும் ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். ஐயா மொகத்தப் பாத்துக் கேக்க முடியல. பொண்ணுக்குத் தூரத்துல உள்ளது கண்ணு தெரியாதுன்னு ஒரு பேச்சு..."

"தெரியாது" என்றது குழாய் உடனே. "ஊசியில நூலு கோத்துருவா. தெரு முனையில வாரது நீங்களா காளமாடான்னு கேட்டா சொல்லமாட்டா. கண்ணாடி வாங்கி வச்சிருக்கு. நீங்க வாரியன்னு அதக் கழத்தி வைக்கச் சொன்னது அங்க உக்காந்திருக்கவுகதான்."

பட்டணத்துக்காரர் முக்காலியில் நின்றபடியே முன்சீப் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். முன்சீப் ஐயா கூரையைப் பார்த்தார்.

அப்போது குழாயில் இன்னொரு குரல், இளங்குரல், மெதுவாக வந்தது. "இப்ப போட்டுக்கிட்டேன் அப்பா."

பட்டணத்துக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். முக்காலி ஆடியது. நான் முழு பலத்தோடு பிடித்தேன். பெண் வீட்டு அம்மாளோடு முகம் பார்த்து இவ்வளவு பேச அவருக்கும் வந்திராது, அவர்களுக்கும் வந்திராது. நடுவில் முழுக்கத் தகரம் இருந்தது வசதியாகப் போயிற்று. மேற்கொண்டு கல்யாண மாதம், எஸ்தர் பாதியில் விட்டிருந்த படிப்பு, பையனுக்குப் பாகற்காய் ஆகுமா ஆகாதா என்பது வரை அங்கேயே பேசி முடித்தார்கள். கடைசியில் அவர், "மோர் இருந்தாக் கொஞ்சம் குடுத்து விடுங்க அம்மா" என்றார்.

"இருக்கு. ஐயா மொதல்ல முக்காலிய விட்டு இறங்குங்க" என்றது குழாய்.

கடிதம்

சாயங்காலம் அவரை ரயிலுக்கு அனுப்பிவிட்டு முன்சீப் ஐயா ஹாலில் வந்து உட்கார்ந்தார். சம்பந்தம் முடிந்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. வேறொன்றும் இருந்தது.

"ஏம்வே, நான் உம்மகிட்ட காத்துதானே கேட்டேன்" என்றார்.

அவர் எழுந்து போய்க் குழாயின் கட்டு ஒன்றைத் தடவிப் பார்த்தார். கண் மங்கியிருந்தாலும் கைக்குத் தெரிந்துவிட்டது. "இது என் கவுன்லா?" என்றார்.

பிறகு அவர் தீர்ப்பைச் சொன்னார். நாளைக் காலையில் அடுப்படி வாயை நான் அடைத்துவிட வேண்டும். கருப்பட்டியோ சுண்ணாம்போ, எது போட்டாவது, இனி எந்தக் காலத்திலும் திறக்காதபடி அடைக்க வேண்டும். அடைத்த பிறகு கடிதம்.

சுண்ணாம்பும் கருப்பட்டியும் மிச்சம் இருந்தன. கவுனில்கூட ஒரு கை மிச்சம் இருந்தது. அரை நாள் வேலை. பள்ளிக்கூடம், மேசை, கரும்பலகை எல்லாம் அந்த நாலு விரல் சதுரத்துக்கு அந்தப் பக்கம் நின்றன. ஊரில் மாலை போட்டவர்களின் முகங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன.

"அடைக்கமாட்டேன் ஐயா" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப கடுதாசி கிடையாது."

"சரிங்க ஐயா."

மைக்கூட்டை மூடினேன். அவர் கைத்தடியை எடுத்தார்.

"கடுதாசிய எழுதிக் குடுங்க" என்றது குழாய்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"அந்தப் புள்ள அடைச்ச மூட்டுல ஒண்ணாச்சும் ஒழுகுதா? ஒழுகியிருந்தா இன்னைக்கிப் பேச்சு அங்கன வந்திருக்குமா? வந்திருக்காட்டா இந்நேரம் ரெண்டு பேரும் ஆத்துலயே நின்னுக்கிட்டிருப்பிய."

முன்சீப் ஐயா குழாயைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். மேல் கோர்ட்டில் தன் தீர்ப்பு மாறிவிட்டது என்று கேள்விப்பட்டவர் அப்படித்தான் நிற்பார் என்று நினைக்கிறேன். பிறகு கைத்தடியைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"எழுதும்" என்றார்.

அவருடைய கடிதங்களை எழுதுகிறவன் நான்தான் என்பதால், என்னைப் பற்றிய கடிதத்தையும் நானே எழுத வேண்டியிருந்தது. அவர் இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

"எனக்கும் விளங்குத மாதிரி" என்றது குழாய்.

அவர் தமிழுக்கு மாறினார். இக்கடிதம் கொண்டுவரும் வாலிபன் உழைப்பாளி என்று சொன்னார். "வாக்குத் தவறாதவன்னும் சேத்துக்கிடுங்க" என்றது குழாய். "சேத்துக்கிடும்வே" என்றார் அவர். நான் எழுதினேன். ஸயன்ஸில் தேர்ந்த அறிவுடையவன் என்று அவர் சொன்னபோது குழாயில் லேசாக ஒரு இருமல் கேட்டது. அது மாடனுடையது. துருவைப் பற்றிச் சாயபு அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

முன்சீப் ஐயா கையெழுத்துப் போட்டார். அதை வாசித்துக் காட்டச் சொல்லி உத்தரவு வந்தது. நான் முக்காலியில் ஏறி, என்னைப் பற்றிய நல்ல வார்த்தைகளை எல்லாம், கூச்சத்தோடு, ஒன்று விடாமல் குழாய்க்குள் வாசித்தேன்.

வாசித்து முடித்தேன். பிறகு கொல்லையில் சக்கரம் கிறீச்சிட்டது. வெட்டிவேர் வாசனை என் முகத்தில் வந்து மோதியது. கையெழுத்தின் மை இன்னும் ஈரமாக இருந்தது. கடிதத்தைக் குழாயின் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, அது காயும் வரை அங்கேயே நின்றேன்.